பதினோரு விநாடி

எட்டாவது பாட்டில், நாலாம் நிமிடம் பதினைந்தாவது விநாடியில் அந்த அலறல் வருகிறது. பதினோரு விநாடி நிற்கிறது. அப்புறம் கிதார் வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. புருஷோத்தமன் காரின் திரையில் விரலை வைத்துப் பின்னுக்கு இழுத்து மறுபடியும் போட்டார், ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, எண்ணுவதை விட்டுவிட்டார். கடிகாரத்தில் பத்து நாற்பது. பன்னிரண்டு மணிக்குள் சரியா இல்லையா சொல்லிவிடு மேன் என்று டெஸ்மண்ட் பெங்களூரிலிருந்து நேற்றே சொல்லிவிட்டான், பன்னிரண்டுக்கு ஆல்பத்தை அனுப்பிவிடுவார்கள், எங்கே அனுப்புவார்கள் எப்படி அனுப்புவார்கள் என்பதெல்லாம் இவருக்கு விளங்கவில்லை. அந்தக் காலத்தில் அனுப்புவது என்றால் மாஸ்டர் டேப்பைத் துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு அம்பத்தூருக்குப் போய்க் கேசட் கம்பெனிக்காரன் கையில் கொடுத்துவிட்டு டீ குடிப்பது, இப்போது ஒரு பொத்தானை அமுக்கினால் உலகம் முழுக்கப் போய்விடுமாம், போனதைத் திரும்பக் கூப்பிட முடியாதாம். திரும்பக் கூப்பிட முடியாது என்பதுதான் காலையிலிருந்து அவர் தொண்டையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கொளத்தூர் அடுக்குமாடியின் கீழ்த்தளம், பதினாறாம் எண் போட்ட தூணுக்குப் பக்கத்தில் அவருடைய சின்னக் கார், நாலு கண்ணாடியும் ஏற்றியிருக்கிறது, ஏசி முனகுகிறது, வெளியே யாருடைய ஸ்கூட்டரோ, யார் வீட்டுக் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளோ, ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீர் மோட்டார். மேலே மூன்றாவது மாடியில் வீடு பூட்டியிருக்கிறது, சுகந்தி ஒன்பதே காலுக்கே வங்கிக்குப் போய்விட்டாள், போகும்போது சட்னியை எடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள் என்றாள், வைத்தோமா? வைக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது ஆள், வேலைநாள் முற்பகலில், காருக்குள் உட்கார்ந்து தன் அலறலைத் தானே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். அது தன் அலறலாக இருந்தாலாவது பரவாயில்லை.

காரில் கேட்பது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. ஸ்டுடியோவில் எதைப் போட்டாலும் அமர்க்களமாகத்தான் இருக்கும், அங்கே இருக்கிற ஒலிபெருக்கி அப்படி. கேட்கப் போகிறவனோ ஓட்டை ஸ்பீக்கரில் கேட்பான். அதனால் லோகோ ஷெட் என்ற ஹெவி மெட்டல் கோஷ்டி பெரம்பூரில் பிறந்த நாள் முதல், எந்தப் பாட்டானாலும் டெஸ்மண்டின் அப்பா வைத்திருந்த அம்பாசிடரில் போட்டுக் கேட்டுத்தான் முடிவு. முன்னால் கிதார் டெஸ்மண்டும் டிரம்ஸ் சாதிக்கும், பின்னால் பாட்டுக்காரர் புருஷோத்தமனும் பேஸ் கிதார் தினகரனும். கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும், முடியும்வரை ஒருத்தனும் வாய் திறக்கக் கூடாது, முடிந்ததும் யாருக்குப் பிடித்திருக்கிறதோ அவன் தன் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்க வேண்டும். நாலு கதவும் திறந்தால் பாட்டு தேறியது. ஒருத்தன் இறங்காமல் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. அக்கினி நட்சத்திர வெயிலில் ரயில்வே குடியிருப்பின் வேப்பமரத்தடியில் நாலு தடிப் பயல்கள் மூடிய காருக்குள் வியர்த்து வழிந்துகொண்டு, சட்டையெல்லாம் சீட்டில் ஒட்டிக்கொண்டு, டெஸ்மண்டின் அம்மா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். தினா எப்போதும் கடைசியில்தான் இறங்குவான், வேண்டுமென்றே, கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு மற்ற மூன்று பேரும் வெளியே நின்று திட்டுவதைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு. இப்போது சாதிக் மஸ்கட்டில் இருக்கிறான், நேற்றே அவனுடைய பெரிய வண்டியின் கதவைத் திறந்துவைத்துப் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். டெஸ்மண்டும் போட்டுவிட்டான். மூன்று பேர் மட்டும் இருக்கிற குழு. தினகரனுக்கு வாட்ஸப் என்றால் என்னவென்றே தெரியாது, பதிமூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். இன்னும் திறக்காதது புருஷோத்தமனின் கதவு ஒன்றுதான்.

நேற்றுச் சாயங்காலம் முதல் தடவை கேட்டபோது எவ்வளவு சந்தோஷம், அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஏழு பாட்டு முடிந்தது, டெஸ்மண்டின் விரல்களுக்கு வயதே ஆகவில்லை, சாதிக் மட்டும் சில இடங்களில் மூச்சு வாங்குகிறான், எட்டாவதாக 'கடைசிப் பெட்டி', அதில் அந்த அலறல். கேட்டவுடன் புருஷோத்தமன் ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு அடி அடித்தார். நான்தானா இது, என்னால் இன்னும் முடிகிறதா, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மார்ச் மாதம் வளசரவாக்கத்தில் ப்ரீத்தாவின் ஸ்டுடியோவில், அந்தப் பெண்தான் ஒலிப்பதிவு எல்லாம், முப்பது வயது இருக்கும், சார் சார் என்று மரியாதையாகக் கூப்பிட்டு முதுகெலும்பை முறித்துவிடுவாள், அவள் முன்னால் நின்று பதினான்கு தடவை அலறிப் பார்த்தார், ஒவ்வொரு தடவையும் நாலாவது விநாடியில் குரல் கிழிந்து காற்று மட்டும் வந்தது. விடுங்க சார், இருக்கறத வெச்சு நான் பாத்துக்கறேன் என்றாள். பார்த்துக்கொண்டாள் போலிருக்கிறது, நாலு விநாடியைத்தான் எப்படியோ இழுத்துப் பதினொன்றாக ஆக்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார், விஞ்ஞானம் அவ்வளவு வளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது தடவை கேட்டபோது ஆறாவது விநாடியில் அந்தக் குரல் இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் ஒரு படி மேலே ஏறியது. பாட்டை அங்கேயே நிறுத்தினார். காலையில் ப்ரீத்தாவைக் கூப்பிட்டுக் கேட்டார், ஆமாம் சார் என்று ஒத்துக்கொண்டாள். டெஸ்மண்ட் சாரிடம் இருந்த பழைய டேப்பிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து, புதுப் பாட்டின் ஸ்ருதிக்குக் கொஞ்சம் இறக்கிப் பொருத்தினாளாம். சொல்லாமல் செய்தது தப்புதான், ஆனால் அது நீங்கதான் சார், முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தின நீங்க என்றாள். முந்தின நான். அவர் சரிம்மா என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். காவலாளி ராஜாங்கம். கண்ணாடியை இறக்கினால், "சார், ஏசி போட்டுக்கினு மூடிக்கினு இருக்காதீங்க, பேப்பர்ல போட்டிருந்தான், தூங்கிட்டா அப்படியே போயிடுவாங்களாம்" என்றான். தூங்கவில்லை ராஜாங்கம், பாட்டுக் கேட்கிறேன் என்றார். அதுக்கு இன்னாத்துக்கு சார் இங்க, மேல ஏசி இல்லியா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மோட்டாரை நிறுத்தப் போய்விட்டான். பாவம், அவனும் என்ன செய்வான், பிப்ரவரியில் அவனை அப்படிப் பயமுறுத்தியாகிவிட்டது. வீட்டில் அலற முடியாது, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, மொட்டைமாடியில் அலறினால் எதிர் அடுக்குமாடி முழுக்க எட்டிப் பார்க்கிறது, கடைசியில் இந்தக் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தினமும் அரை மணி நேரம் அலறிப் பழகினார். மூன்றாவது நாள் ராஜாங்கம் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்து கதவைப் பிடுங்கித் திறந்து, நெஞ்சைத் தடவி, சாரு சாரு என்று கத்தி, இரண்டு பெண்களை வேறு துணைக்குக் கூப்பிட்டுவிட்டான். அதற்குப் பிறகு லிப்டில் எல்லாரும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். பரவாயில்லை என்கிறார். காது மூக்கு தொண்டை டாக்டர், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார், கூரியர் கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றேன் என்றார் இவர், அப்புறம் தொண்டை ஏன் இப்படி ஆகியிருக்கிறது, சண்டை போடுவீர்களா என்றார். அலறுவேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஆமாம் டாக்டர், கொஞ்சம் போடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

தொண்ணூற்று மூன்று. ஞாயிற்றுக்கிழமை. வடபழனியில் பக்திப் பாட்டு கேசட் போடுகிற ஒரு ஸ்டுடியோ, மதியம் வரைக்கும் அங்கே முருகன் பாட்டு நடந்திருந்தது, ஊதுபத்தி வாசனை போகவில்லை. ஒலிப்பதிவுக்காரர் கோதண்டம், வேட்டி கட்டிக்கொண்டு, காதில் ஹெட்ஃபோன், தம்பி இவ்ளோ கத்தணுமா, மெதுவா சொன்னாலும் மைக்குக்குக் கேக்கும் என்பார். பாட்டுக்குப் பெயர் 'சங்கு'. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும்போது ஊதுகிற சங்கு, பெரம்பூரில் பிறந்த எவனுக்கும் அது காதில் இல்லாமல் தூக்கமும் இல்லை விழிப்பும் இல்லை, அப்பா அந்தச் சங்குக்குத்தான் சோற்றுத் தூக்கோடு ஓடுவார், பாட்டின் முடிவில் கிதார் எல்லாம் நின்றுபோய்ப் புருஷோத்தமன் அந்தச் சங்காக மாற வேண்டும், தனியாக, பதினோரு விநாடி, அதுதான் திட்டம். வீட்டில், மாடியில், ரயில்வே பாலத்துக்கு அடியில் எல்லாம் வந்தது, அன்றைக்கு மட்டும் வரவில்லை. ஆறு தடவை கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. டெஸ்மண்டும் சாதிக்கும், நீ ஓய்வு எடு மேன், நாங்கள் பிரியாணி வாங்கிக்கொண்டு வருகிறோம் என்று போனார்கள். இருபத்தேழு வயதுப் புருஷோத்தமன் கண்ணாடிக் கூண்டுக்குள் தரையில் உட்கார்ந்து அழத் தயாராக இருந்தார். தினகரன் உள்ளே வந்தான். "இன்னாடா மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு கீற, தள்ளு, நான் சும்மா ஒரு தபா கத்திப் பாக்கறேன்." விளையாட்டுக்குத்தான் போனான். கோதண்டம் பழக்க தோஷத்தில் டேப்பை ஓட விட்டுவிட்டார். தினா கண்ணை மூடினான், கத்தினான், ஒரே தடவை. ஆறாவது விநாடியில் சங்கு இறங்குகிற இடத்தில் அவன் மேலே போனான். தொழிற்சாலைச் சங்கு அப்படி ஊதவே ஊதாது, அது தப்பு, ஆனால் அந்தத் தப்பில் புருஷோத்தமனின் கையில் முடியெல்லாம் எழுந்து நின்றது. முடித்துவிட்டு ரொம்ப நேரம் குனிந்து இருமினான். நிமிர்ந்து, கண் சிவந்து, நீதான்டா கத்துன, தெரிஞ்சுதா, நான் பேஸு, பேஸு கத்தாது என்றான். கோதண்டம், எவன் கத்துனா என்னப்பா, டேப்புல ஏறிடுச்சு என்றார். பிரியாணி வந்தது. டெஸ்மண்ட் போட்டுக் கேட்டான், புருஷோத்தமனைத் தூக்கிக்கொண்டு இரண்டு சுற்று சுற்றினான். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாயில் சோறு இருந்தது.

அதற்குப் பிறகு சொல்வதற்கு நேரமே வரவில்லை என்று சொன்னால் அது பொய், முப்பத்தோரு வருடம் நேரம் இருந்தது. கேசட்டுக்கு 'மூணாவது ஷிப்ட்' என்று பெயர் வைத்தார்கள், அதிகம் விற்கவில்லை, ஆனால் அதைக் கேட்டவன் எல்லாம் அந்த அலறலைப் பற்றித்தான் பேசினான். கல்லூரி விழாக்களில் மேடையில் அந்த இடம் வரும்போது புருஷோத்தமன் மைக்கைத் தூக்கிக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவார், ஆயிரம் பையன்கள் சேர்ந்து அலறுவார்கள், என்ன ஸ்டைல் என்று பத்திரிகையில்கூட எழுதினார்கள். ஸ்டைலாவது மண்ணாவது. தினா அந்த இடத்தில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பித் தன் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைத் திருகிக்கொண்டிருப்பான், ஒவ்வொரு மேடையிலும், ஒரு தடவைகூடச் சிரித்துக் காட்டியதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் சுகந்தியின் அண்ணன் அந்தக் கேசட்டைக் கொண்டுவந்து, எங்க வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளை யார்னு கேளுங்க என்று அத்தனை பெரியவர்கள் முன்னாலும் போட்டுவிட்டான், கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரிய மாமாவுக்குப் புரை ஏறியது, உள்ளே கதவுக்குப் பின்னால் சுகந்தி சிரித்தது கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சரின்னு சொன்னேன், இப்படிக் கத்தறவன் உள்ளுக்குள்ள எதையும் வெச்சிருக்க மாட்டான்னு தோணிச்சு என்று கல்யாணமான புதிதில் ஒரு நாள் சொன்னாள். உள்ளுக்குள் எதையும் வைத்திருக்க மாட்டான். அன்றைக்கும் சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் வங்கியில் புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் ஃபோனில் போட்டுக் காட்டுகிறாள், இது எங்க வீட்டுக்காரர் என்கிறாள், அந்தப் பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள், சாயங்காலம் வந்து அதை நடித்துக் காட்டுகிறாள். பிறகு யாரோ ஒரு போலந்துக்காரன் அந்தக் கேசட்டை எங்கிருந்தோ பிடித்து இணையத்தில் ஏற்றினான், இரண்டு லட்சம் பேர் கேட்டார்கள், கீழே எழுதுகிறவன் எல்லாம் அலறலுக்காக வந்தேன், அலறலுக்காக மறுபடி வந்தேன் என்று எழுதினான். அதைப் பார்த்துத்தான் அந்த ஊர் கம்பெனி இன்னொரு ஆல்பம் போடுங்கள் என்று டெஸ்மண்டைத் தேடி வந்தது. ஆல்பத்துக்கு 'ஓவர்டைம்' என்று சாதிக் பெயர் வைத்தான். ஆகக் கூடி, இத்தனையும் நடந்தது தினகரன் விளையாட்டுக்குக் கத்தியதால், அவன் இல்லை, பேஸ் வாசிப்பை டெஸ்மண்டே செய்துவிட்டான், உட்கார்ந்து அனுபவிக்கிற ஆள் இவர்.

ஃபோன் அடித்தது. டெஸ்மண்ட். பதினொன்று இருபது.

"என்னா மேன், கேட்டியா இல்லியா? கதவு திறந்துச்சா?"

"கேட்டுக்கினே இருக்கேன்."

"எட்டாவது பாட்டு கேட்டியா? அந்த இடம்? நான் அழுதுட்டேன் மேன், சத்தியமா. ஷீலா வந்து என்னாச்சுன்னு கேக்கறா."

"அது பழைய டேப்புடா."

"அதனால என்னா மேன்? உன் குரல்தான, வேற எவனோடதா? திருடியா போட்டோம்? ப்ரீத்தாகிட்ட நான்தான் சொன்னேன், அவனாண்ட கேக்காத, கேட்டா வேணாம்பான், ரோஷக்காரன்னு."

இப்போது சொல்லலாம். மூச்சை எடுத்துக்கொண்டார், வாயைத் திறந்தார், டெஸ்மண்டின் பின்னால் பெங்களூரில் ஏதோ ஒரு நாய் குரைத்தது. "பன்னெண்டுக்குள்ள சொல்றேன்டா" என்றார். "சொல்லு மேன், நீ திறக்காம நாங்க அனுப்ப மாட்டோம், ஆனா திற" என்று வைத்துவிட்டான். மனைவி ஷீலா, நாய், அழுதுவிட்டேன் என்று சொல்ல ஒரு ஆள். இந்தப் பக்கம் தண்ணீர் மோட்டாரும் நின்றுபோயிருந்தது.

சரி என்று சொல்லிவிடலாம், யாருக்கு என்ன நஷ்டம், தினாவே கொடுத்ததுதானே, நீதான்டா கத்துன என்று அவன் வாயாலேயே சொன்னதுதானே. கொடுத்ததை வைத்துக்கொண்டால் தப்பா. கொடுத்தவன் உயிரோடு இருந்து பக்கத்தில் நின்றவரைக்கும் அது ஒரு மாதிரி இருவர் சேர்ந்து சுமந்த பொய், சுமை தெரியவில்லை. அவன் போன பிறகு இவர் ஒருத்தர் தலையில். இருந்தாலும் பழைய பொய் பழையது, கேசட்டோடு போனது, இப்போது சரி என்றால் அது புதுசாகச் சொல்கிற பொய், ஐம்பத்தெட்டு வயதில், கண்ணைத் திறந்துகொண்டு. எடுத்துவிடு, என் நாலு விநாடியையே போடு என்று சொல்லலாம், ரோஷக்காரன் என்று நினைத்துக்கொள்வார்கள், உண்மை வெளியே வராது, கிழட்டுக் குரல் கிழிந்து காற்றாகப் போவதை உலகம் கேட்கும், கேட்கட்டும், அதுவாவது என்னுடையது. ஆனால் அப்படி எடுத்தால் தினா இந்த ஆல்பத்திலிருந்து போய்விடுவான். பேஸும் அவன் இல்லை, அலறலும் இல்லை என்றால் அவன் எங்கே இருப்பான், வியாசர்பாடியில் அவன் மனைவி அமுதவல்லி வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்தில் மட்டும். இந்த இடத்தில் வந்து எண்ணம் நின்றது, முன்னுக்கும் போகவில்லை பின்னுக்கும் போகவில்லை, மறுபடி சரி என்று சொல்லிவிடலாம் என்பதில் தொடங்கி இதே வழியாக இதே இடத்துக்கு வந்தது, மூன்று தடவை. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? டெஸ்மண்ட் திட்டுவான், சாதிக் ஒரு வாரம் பேசமாட்டான், அதெல்லாம் போகட்டும். சாயங்காலம் ஆறரைக்குச் சுகந்தி வருவாள், கைப்பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டுவாள், அவளிடம் அது நான் இல்லை என்று சொல்ல வேண்டும். அவள் முதலில் சிரிப்பாள். பிறகு அவர் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குத்தான் பயம், வேறு எதற்கும் இல்லை. இருபத்தெட்டு வருடமாகப் பக்கத்தில் படுத்துக்கொண்டிருப்பவளுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்த முதல் விஷயமே தான் இல்லை என்றால், மிச்சம் இருக்கிற ஆள் யார்? கூரியர் கம்பெனி மேலாளர். சட்னியை ஃப்ரிட்ஜில் வைக்க மறந்தவர். அவரை யார் வந்து கேட்கப் போகிறார்கள். புருஷோத்தமன் மூக்கை உறிஞ்சிக்கொண்டார், ஃபோனை எடுத்தார், கீழே வைத்தார், எடுத்தார். தினா சரி என்று சொல்லாமல் எந்தப் பாட்டும் போனதில்லை. அவனுக்குப் பதிலாகச் சொல்லத் தகுந்தவள் ஒருத்திதான் இருக்கிறாள், அவளோடு பேசி நாலு வருடம் ஆகிறது, அவள் மகள் கல்யாணத்தில் பார்த்தது, அடிக்கடி பேசுகிறேன்மா என்று சொல்லிவிட்டு வந்தது. பெயரைத் தேடி அழுத்தினார்.

"அண்ணாவா?" என்றாள் அமுதவல்லி. பின்னால் பெரிய பாத்திரத்தில் கரண்டி உரசும் சத்தம், யாரோ முட்டையை உரிச்சாச்சா என்று கேட்டார்கள். மாநகராட்சிப் பள்ளியில் அவள் சத்துணவு அமைப்பாளர், இந்நேரம் அங்கே கை ஒழியாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "இன்னாண்ணா திடீர்னு? அண்ணிக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்லம்மா, எல்லாரும் நல்லா இருக்கோம். வேலையா இருக்கியா? நான் அப்புறம்..."

"சொல்லுங்க, சொல்லுங்க. பன்னெண்டரைக்குத்தான் மணி அடிப்பாங்க."

"புதுசா கேசட் போடறோம். அதுல ஒரு இடம் போட்டுக் காட்டறேன். யாருன்னு சொல்றியா?"

"நானா? எனக்கு இன்னாண்ணா தெரியும் உங்க பாட்டு, ஒரே இரைச்சலா இருக்கும்" என்று சிரித்தாள். இருங்க, வெளியில வந்துடறேன் என்றாள். கரண்டிச் சத்தம் தூரமானது. புருஷோத்தமன் ஃபோனைக் கார்க் கதவில் இருந்த ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, நாலாம் நிமிடம் பத்தாவது விநாடியில் விரலை வைத்தார். அலறல் வந்தது. ஆறாவது விநாடியில் மேலே போனது. கிதார் வந்ததும் நிறுத்தினார். ஃபோனைக் காதுக்குக் கொண்டுவந்தார்.

"அவருதான்" என்றாள்.

"எப்படிம்மா தெரிஞ்சுது? அவன் கத்தி நீ கேட்டிருக்கியா?"

"கத்தறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுத்தாரே. கீச்சுன்னு. அதைக் கேட்டுக்கினேதான் பதினேழு வருசம் பக்கத்துல படுத்திருந்தேன், எனக்குத் தெரியாதா? இழுப்பு வந்தா விடிய விடிய அந்தச் சத்தம்தான்." மூக்கைத் துடைப்பது கேட்டது. "இது எப்ப எடுத்தது? எங்கிட்ட சொல்லவே இல்லியே. கத்தினா ஒத்துக்காது, கத்தாதன்னு நான் திட்டிக்கினே இருப்பேன், ஒரு நாளாவது நான் கத்தியிருக்கேன்டின்னு சொல்லலியே இந்த மனுசன்."

"உங்க கல்யாணத்துக்கு முன்னாடிம்மா. அது என் பேர்ல போயிடுச்சு. முப்பத்தோரு வருஷமா எல்லாரும் நான்தான் கத்துனேன்னு நெனச்சுக்கினு இருக்காங்க. நானும் ஒண்ணும் சொல்லல." வாய்விட்டுச் சொன்னபோது அது மூன்றே வாக்கியமாகத்தான் இருந்தது. "இப்ப வர்றதுல அவன் பேரைப் போடச் சொல்லப் போறேன். உனக்குச் சம்மதம்னா."

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றும் கேட்கவில்லை. "போடுங்க" என்றாள். "மொட்டையா தினகரன்னு போடாதீங்க. ம. தினகரன்னு போடுங்க. அப்பா இனிஷியல வுட்டா அவருக்குக் கோவம் வரும்."

இரு என்று சொல்லிவிட்டு, லைனில் அவளை வைத்துக்கொண்டே குழுவில் ஒரு கையால் எழுதினார்: அலறல் நான் இல்லை. அன்னைக்கும் நான் இல்லை. தினா. ம. தினகரன்னு பேர் போட்டுட்டு அனுப்பு. அனுப்பிய உடனே இரண்டு நீலக் குறி விழுந்தது, டெஸ்மண்ட் கூப்பிட ஆரம்பித்தான், அதை வெட்டிவிட்டார். மறுபடி கூப்பிட்டான், மறுபடி வெட்டினார்.

"இன்னொரு தபா போடுங்கண்ணா" என்றாள் அமுதவல்லி. போட்டார். இப்போது அவருக்கும் கேட்டது அந்த மூச்சு, இத்தனை வருடம் அலறலையே கேட்டுக்கொண்டிருந்ததில் அதற்கு முன்னால் இருந்தது காதில் விழவே இல்லை. அவள் இன்னொரு தபா என்றாள். மூன்றாவது தடவை முடிந்தபோது உள்ளேயிருந்து யாரோ அமுதாக்கா என்று கூப்பிட்டார்கள், வரேன் இரு என்றாள். போய்விடுவாள் என்று நினைத்தார். சரிம்மா, நீ வேலையைப் பாரு என்று சொல்ல வாயெடுத்தார்.

"இதுல நீங்க எங்கண்ணா?" என்றாள்.

"என்னம்மா?"

"உங்க கொரலு. இந்தப் பாட்டுல நீங்க எங்க வர்றீங்க?"

"அதுக்கு முன்னாடி நாலு நிமிஷம் பாடறது நான்தான். அது ஒண்ணும் பெருசா..."

"போடுங்க, கேக்கறேன்" என்றாள். "பசங்க வர்றதுக்கு இன்னும் நேரம் கீது."

புருஷோத்தமன் பாட்டை முதலுக்குக் கொண்டுபோனார். கிதார் தொடங்கியது, டிரம்ஸ் சேர்ந்தது, பிறகு ஒரு குரல் வந்தது, கரகரத்து, அடியில் எங்கோ தட்டுப்பட்டுக்கொண்டு. நேற்றிலிருந்து இத்தனை தடவை போட்டும் அலறல் எங்கே என்று ஓட்டிக்கொண்டு போனாரே தவிர இந்த நாலு நிமிடத்தை அவர் காதுகொடுத்துக் கேட்கவில்லை. ஃபோனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்திருந்த கை வலித்தது, மாற்றிக்கொள்ளாமல் அப்படியே பிடித்துக்கொண்டு, அவள் கேட்டு முடிக்கும்வரை அவரும் கேட்டார்.